பாட்டுக்கு உறுதி இருக்கிறதா, தம்பி?

வாசகர் கடிதம்: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 27. பகலில் ஹட்டன் டவுனில் ஒரு போன் கடையில் வேலை. இரவில் எங்கள் காம்பராவில் லெப்டொப், ஒரு மைக், சின்ன கீபோர்ட் வைத்து இசை செய்கிறேன். இதுவரை பதினொரு பாட்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் ஸ்பொட்டிஃபை, யூடியூப் எல்லாவற்றிலும் போட்டிருக்கிறேன். வரிகளை நண்பன் எழுதுகிறான், தப்பு மேளம் எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர் அடிக்கிறார், ஒரு பாட்டில் பணிய லயத்து (கீழே உள்ள லைன் வீட்டு வரிசை) பெரியம்மா ஒப்பாரி பாடியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் "இது படத்தில் வர வேண்டிய பாட்டு" என்கிறார்கள். அதை நம்பி, சென்னை இயக்குநர்கள், கொழும்பு விளம்பர ஏஜென்சிகள் என்று எழுபது பேருக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டே பதில். ஒரு குறும்படக்காரர், "காசு இல்லை, பெயர் போடுகிறோம்" என்கிறார். கொழும்பில் ஒரு வீடியோ கம்பனி, பெரியம்மா பாட்டின் முழு உரிமையையும் எழுதிக் கொடுத்தால் 40,000 ரூபாய் தருகிறோம் என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கொடுக்கலாமா? இனி எப்படி எழுதினால் பதில் வரும்?

பதில்: தம்பி, வெள்ளிக்கிழமை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் "ஓகே" என்றுகூடப் போட வேண்டாம்.

எழுபது பேருக்கு எழுதி இரண்டு பதில்தான் வந்தது என்று நொந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். முகம் தெரியாத ஒருவர் அனுப்பும் பாட்டுக்கு இரண்டு பேர் பதில் போட்டதே எனக்கு ஆச்சரியம்தான். நானும் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள். விளம்பரம், ஆவணப்படம், டெலிநாடகம் எடுப்பவர்களுக்குக் காட்சிக்கு ஏற்ற இசையைத் தேடி, அதற்கு அனுமதி வாங்கிக் கொடுப்பது என் தொழில். தேடுவதற்கு ஒரு நாள் போதும். அனுமதி வாங்கத்தான் மிச்ச நாளெல்லாம் போகும்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூன்று பாட்டையும் கேட்டேன், எழுபது பேருக்குப் போட்ட மின்னஞ்சலையும் பார்த்தேன். பெரியம்மா பாட்டை இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம் பாட்டுக்காக. இரண்டாம் தரம், இதை ஒரு படத்தில் வைப்பதென்றால் யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு. நீங்கள், வரி எழுதிய நண்பர், தப்பு அண்ணன், பெரியம்மா என்று நாலு பேர். இரண்டாவது நிமிடத்தில், திரும்பத் திரும்ப ஓடும் ஒரு தாள லூப் நுழைகிறதே, அது இணையத்தில் இறக்கியதா? அப்படியென்றால் ஐந்தாவதாக ஒரு ஆள், அவர் யாரென்று உங்களுக்கே தெரியாது. எழுபது பேருக்குப் போட்ட அந்த மின்னஞ்சலில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சின்ன வயதிலிருந்தே இசை மீது உங்களுக்கு இருக்கும் காதலைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பத்தி இருந்தது.

மலையகத்து ஆளுக்கு இதை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒரே லயத்தில் நாலு தலைமுறை குடியிருக்கலாம், இஸ்தோப்பை அடைத்து இன்னொரு காம்பரா ஆக்கலாம், பின்னால் லீக்ஸும் கரட்டும் போடலாம். காணி உறுதி கையில் இல்லையென்றால் எந்த வங்கிக்காரனும் கடன் தர மாட்டான். பாட்டும் அப்படித்தான். அதைப் படத்தில் வைப்பவன் நாளைக்கு யாராவது வந்து "என் குரலை எப்படிப் போட்டாய்" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் வைக்க வேண்டும். அந்தப் பயம் இருந்தால், எவ்வளவு நல்ல பாட்டானாலும் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவான்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி, வாசித்து, பதிந்து எடுத்த ஒலிப்பதிவு இன்னொன்று. தொழிலில் இதை மாஸ்டர் என்போம். படத்தில் வைக்க இரண்டுக்கும் அனுமதி வேண்டும். பெரிய சினிமாப் பாட்டு என்றால் படைப்புக்கு ஒரு கம்பனி, மாஸ்டருக்கு இன்னொரு கம்பனி என்று அலைய வேண்டியிருக்கும். தனியாக இசை செய்யும் உங்களுக்குப் பெரிய வசதி என்னவென்றால், ஒழுங்காகத் தாள் எழுதி வைத்தால் இரண்டும் ஒரே ஆளின் கையில் இருக்கும். "ஒரே கையெழுத்தில் முடியும்" என்ற ஒரு வரி என் போன்றவர்களுக்குத் தேன் மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம். இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிப்புரிமை கிடைக்க எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. படைத்த நிமிடமே அது உங்களுடையது. படைத்தவர் உயிரோடு இருக்கும் காலமும், அதன்பின் 70 ஆண்டும் நிற்கும். ஒலிப்பதிவுக்கும் பாடி வாசித்தவர்களுக்கும் 50 ஆண்டு. பாடுபவரின் சம்மதம் இல்லாமல் அவர் பாடுவதைப் பதிந்து பயன்படுத்த முடியாது. உரிமையைக் கைமாற்றுவதோ அனுமதி கொடுப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும். ஆக, உரிமை தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் எந்த வரியை யார் எழுதினார், எந்த அடியை யார் அடித்தார் என்பதைச் சட்டம் உங்களுக்காக நினைவில் வைத்திருக்காது.

அதனால் பாட்டுக்கு ஒரு தாள். பதினொரு பாட்டுக்குப் பதினொரு தாள். வக்கீல் தமிழ் தேவையில்லை. பாட்டின் பெயர், பதிந்த திகதி, யார் என்ன செய்தார், அடையாள அட்டை இலக்கம், வரும் காசில் யாருக்கு எத்தனை வீதம், எல்லோர் சார்பிலும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க யாருக்கு அதிகாரம். கடைசி வரிதான் முக்கியம். அதில் உங்கள் பெயர் இருந்தால், நாளைக்கு நண்பர் வேலைக்குக் கத்தார் போய்விட்டாலும் காரியம் நிற்காது. டிஸ்ட்ரிபியூட்டர் ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்று கொடுத்திருப்பார், உங்கள் கணக்குக்குள் போனால் தெரியும். அதையும் தாளில் எழுதுங்கள். குரல் இல்லாத வடிவத்தை வெளியிட்டால் அதற்கு வேறு குறியீடு வரும்.

வீதத்தைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். வரிக்காரருக்குப் பங்கு கொடுப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. தப்பு அண்ணன் என்று வரும்போதுதான் "அவருக்கு ஏதாவது கையில் கொடுத்துவிடலாம்" என்று தோன்றும். சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் கூப்பிட்டு, விடியவிடிய அடிக்க வைத்து, காலையில் கொஞ்சம் காசைத் திணித்து அனுப்பிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு ஊறியது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பாட்டில் அந்த மூன்றாவது அடி தள்ளி விழும் இடம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அது கீபோர்டில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பங்கு எழுதுங்கள், பெயரையும் எழுதுங்கள். படம் முடிந்ததும் கியூ ஷீட் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எந்த இசை, எத்தனை விநாடி, யார் படைத்தது, பின்னணியில் வந்ததா, திரையில் யாரோ பாடுவதாக வந்ததா என்று எல்லாம் அதில் இருக்கும். தொலைக்காட்சியில் ஓடும்போது வரும் ராயல்டி அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பிரியும். தாளில் இல்லாத பெயர் அங்கேயும் வராது.

பெரியம்மா விஷயம் இன்னும் நுணுக்கம். அந்த ஒப்பாரி அவர் சொந்தமாகக் கட்டியதா, அவருடைய அம்மா பாடியதா? கேட்டுப் பாருங்கள். பாதி பழசு, பாதி அவருடையது என்று பதில் வரும் என்பது என் ஊகம். ஒப்பாரி அப்படித்தான், செத்தவருக்கு ஏற்ற மாதிரி வரி மாறும். வழிவழியாக வந்த வரிக்கு யாரும் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது, ஆனால் அதை அவர் பாடியதற்கு அவருக்கு உரிமை உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். ஹட்டனிலோ கண்டியிலோ நூலகத்தில் கிடைத்தால், பெரியம்மாவின் வரிகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொன்று, நான் சொன்ன சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பற்றியது. அவற்றை மரபான சூழலுக்கு வெளியே வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது, அங்கே ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிட்டால் பின்னால் தலைவலி இல்லை. காமன் கூத்து மெட்டு எதையாவது அப்படியே எடுத்திருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இறக்கிய லூப்பைத் தூக்கிவிடுங்கள். தப்பு அடிக்க ஆள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அது எதற்கு?

தாள் போதும், பாட்டுக்கு வருவோம். உங்கள் பாட்டு போய் விழும் இடம் எப்படி இருக்கும் தெரியுமா? கொழும்பில் ஒரு எடிட் அறை. இரவு பத்தரை. மேசையில் ஆறிப்போன பிளேன்டீ, பாதி தின்ற கொத்து ரொட்டி. காலை ஒன்பது மணிக்கு வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். எடிட்டர் ஏற்கனவே ஏதோ ஒரு இங்கிலீஷ் பட இசையைத் தற்காலிகமாக வைத்து வெட்டி முடித்துவிட்டார். அந்த இசைக்கு அனுமதி கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். அதே தாளத்தில், அதே மாதிரி ஏறும் இன்னொன்று வேண்டும். நான் பன்னிரண்டு பாட்டு அனுப்பியிருக்கிறேன். அவர் ஒன்றையும் முழுதாகக் கேட்பதில்லை. தொடக்கத்தில் ஐந்து விநாடி, நடுவில் ஒரு கிளிக், கடைசியில் ஒரு கிளிக். அடுத்தது. பன்னிரண்டும் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

உங்கள் பாட்டில் முதல் 50 விநாடி மழைச் சத்தமும் புல்லாங்குழலும். தகரக் கூரையில் விழும் அந்த மழை எனக்கு ஊர் ஞாபகத்தைக் கொண்டு வந்தது. எடிட்டருக்கு அது ஏதோ இரைச்சல். ஐந்து விநாடியில் தாண்டிவிடுவார், தப்பு விழும் இடத்துக்கு வரவே மாட்டார். முடிவிலும் மெல்ல மெல்லக் கரைந்து போகும்படி விட்டிருக்கிறீர்கள். காணொளி வெட்டுபவருக்கு அது உதவாது. கடைசி ஷாட்டில் "டக்" என்று நிற்க வேண்டும், ஒரு அடி, அதன் அதிர்வு, அவ்வளவுதான். யூடியூபில் இருக்கும் பாட்டை மாற்றச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும். அனுப்புவதற்கென்று வேறு வடிவம் செய்யுங்கள்: பத்து விநாடிக்குள் விஷயத்துக்கு வருகிற மாதிரி ஒன்று, 60 விநாடி, 30 விநாடி, குரல் இல்லாத முழுப் பாட்டு. குரல் இல்லாததுதான் அதிகம் போகும், மனம் நோக வேண்டாம். பேச்சுக்குக் கீழே இன்னொருவர் பாடினால் இரண்டும் கேட்காது.

அப்புறம் ஸ்டெம். தாளம் தனி, குரல் தனி, கம்பி வாத்தியம் தனி என்று நாலைந்து கோப்பாகப் பிரித்து, எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குகிற மாதிரி. இங்கே தப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பைத் தீயில் காய்ச்சித்தான் அடிக்கிறார்கள். காய்ச்சிய சூட்டில் தோல் இழுத்துக் கணீர் என்று நிற்கும். மஸ்கெலியா மழைக் குளிரில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடும், திரும்பக் காய்ச்ச வேண்டும். இன்றைக்குப் பதிந்த முழுப் பாட்டும் அடுத்த வாரம் பதிந்த 30 விநாடியும் ஒரே தப்பு மாதிரியே இருக்காது. ஒரு தடவை ஒரு ஆவணப்படத்துக்கு, முடிவில் மூன்று அடி மட்டும் குறைகிறது என்று அதே கலைஞரைத் திரும்பக் கூப்பிட்டுப் பதிந்தோம். ஒட்டவே இல்லை, வேறு ஊர்த் தப்பு மாதிரி இருந்தது. அதனால் காய்ச்சிய சூட்டோடு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முழுப் பாட்டு, ஒரு நிமிடம் தாளம் மட்டும், தனித்தனி அடிகள், நாலைந்து விதமான முடிவு. அன்றைக்கு மழை பெய்தால் பதிவை அடுத்த நாளைக்குத் தள்ளுங்கள், கூரைச் சத்தத்தைப் பிறகு எடுக்க முடியாது. மழை வேண்டுமென்றால் தனியாகப் பதிந்து தனி ஸ்டெம்மாக வையுங்கள். வேண்டியவர் வைப்பார், வேண்டாதவர் எடுத்துவிடுவார்.

கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். வீடியோக்காரர்கள் எல்லோரும் 48இல்தான் வேலை செய்வார்கள். கேட்டுப் பார்க்க எம்பி3 போதும், அதற்குள் பாட்டின் பெயர், உங்கள் பெயர், தொலைபேசி, "இரு உரிமையும் என்னிடம்" என்ற வரி எல்லாவற்றையும் தகவல் கட்டத்தில் எழுதுங்கள். வேவ் கோப்பில் அந்தத் தகவல் ஒழுங்காகப் போய்ச் சேராது. கோப்பின் பெயர் "பைனல் நியூ 3" என்று இருந்தால், ஆறு மாதம் கழித்து என் கணினியில் அது அனாதை. "பாட்டு பிடித்திருந்தது, யாருடையது என்று தெரியவில்லை" என்று பாதியில் கைவிட்டவை என்னிடம் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன.

இப்போது யாருக்கு எழுதுவது. சென்னை இயக்குநர்களை விட்டுவிடுங்கள். தமிழ்ப் படத்தில் பெரும்பாலும் ஒரு இசையமைப்பாளரை வைத்து எல்லாப் பாட்டையும் பின்னணியையும் செய்வார்கள். வெளியிலிருந்து வரும் தயார்ப் பாட்டுக்கு அங்கே கதவே கிடையாது, அதைத் தட்டி என்ன பயன்? ஆவணப்படம் எடுப்பவர்கள், ஏஜென்சிகளில் தயாரிப்பைப் பார்ப்பவர்கள், எடிட்டர்கள், தொண்டு நிறுவனங்களுக்கு வீடியோ செய்து கொடுக்கும் சின்னச் சின்னக் குழுக்கள், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் குறும்படம் செய்யும் பிள்ளைகள், இவர்களைப் பிடியுங்கள். எல்ல பக்கம் போய்ப் பாருங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் ரயில் வரும் நேரத்துக்கு எத்தனை ட்ரோன் பறக்கிறது! அத்தனை வீடியோவுக்கும் ஏதோ ஓர் இசை போகிறது. ஹோட்டல், தேயிலைக் கம்பனி, சுற்றுலாக்காரர் எல்லோருக்கும் மலை வேண்டும், பனி வேண்டும், கொழுந்து எடுக்கும் கை வேண்டும். அதற்குக் கீழே ஓடுவது எங்கோ செய்த புல்லாங்குழல் லூப். 2023இல், மலையகத்தார் இலங்கைக்கு வந்து 200 வருடம் என்பதால் "மலையகம் 200" என்று ஊரெல்லாம் பேசிய வருடம், மலையகத்துக் குரல் ஒன்று வேண்டும் என்று என்னிடமே கேட்டு வந்தார்கள். குரல் தெரியும், தாள் இல்லை. கடைசியில் "இந்தியக் கிராமம்" என்று பெயர் போட்ட வெளிநாட்டு இசை லைப்ரரி ஒன்றின் தயார் இசையைக் கொடுத்து அனுப்பினேன். இன்னும் உறுத்துகிறது.

எழுதும்போது எழுபது பேருக்கு ஒரே கடிதம் வேண்டாம். ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் செய்த இரண்டு வேலையையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள். பாட்டை இணைப்பாக அனுப்பாதீர்கள், கேட்கவும் இறக்கவும் முடிகிற ஒரு சுட்டி போதும். கடவுச்சொல், "அனுமதி கோருக" என்றெல்லாம் வந்தால் அதோடு சரி. இரண்டு பாட்டு, அதிகம் போனால் மூன்று. கடிதம் இந்த அளவுதான்:

"வணக்கம். நீங்கள் செய்த மீனவர் பற்றிய தொடரின் இரண்டாம் பகுதியைப் பார்த்தேன், வசனம் இல்லாத கடைசிக் காட்சி மனதில் நின்றது. அந்த மாதிரி இடங்களுக்குப் பொருந்தும் என்று இரண்டு இசைத் துண்டுகள் அனுப்புகிறேன். முதலாவது தப்பும் செலோவும், மெதுவாகத் தொடங்கி ஒரு நிமிடத்தில் ஏறும், குரல் இல்லாத வடிவமும் உண்டு. இரண்டாவது ஒரு முதிய பெண்ணின் ஒப்பாரிக் குரல், அதன் பொருள் கீழே இரண்டு வரியில். படைப்பு, ஒலிப்பதிவு இரண்டின் உரிமையும் என் கையில், ஒரே நாளில் அனுமதி தர முடியும். நான் மஸ்கெலியாவில் இருந்து எழுதுகிறேன்."

அவ்வளவுதான். கொழும்புக்கு எழுதினால் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ எழுதுங்கள், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். "பொருள் இரண்டு வரியில்" என்பதைத் தவறவிடாதீர்கள். அங்கே முடிவெடுப்பவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. புரியாத வரியை வைக்கச் சிலர் பயப்படுவார்கள். பயப்படாதவர்கள் இன்னும் ஆபத்து. பல வருடத்துக்கு முன், நான் தேடிக் கொடுத்த ஒரு ஒப்பாரியை ஒரு கம்பனி என்னிடம் சொல்லாமல் வேறொரு வேலைக்கும் எடுத்துப் போட்டுவிட்டது. மலை உச்சி ஹோட்டல், வெள்ளை மேசை விரிப்பு, பப்பாசித் துண்டு, ஆரஞ்சு ஜூஸ். பின்னால் ஒரு அம்மா செத்துப்போன மகனைக் கூப்பிட்டு அழுகிறார். கேட்டதற்கு "நல்ல ஃபீல் இருந்தது" என்றார்கள். ஒப்பந்தத்தில் "இந்த ஒரு காணொளிக்கு மட்டும்" என்று நான் எழுதாமல் விட்டதுதான் காரணம். பாடிய அம்மாவின் வீட்டுக்குப் போய் நானே சொல்ல வேண்டியிருந்தது.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், புதிதாக ஒன்று முடித்ததும் திரும்ப எழுதுங்கள். என் ஃபோல்டரில் இரண்டு வருடம் கிடந்து ஒரு நாள் விலை போன பாட்டும் உண்டு.

குறும்படக்காரருக்கு வருவோம். காசில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறார், அது நல்லது. கொடுங்கள், ஆனால் எழுதிக் கொடுங்கள். திரைப்பட விழாக்களில் திரையிட மட்டும், ஒரு வருடம், வேறு யாருக்கும் கொடுக்க உங்களுக்குத் தடை இல்லை. படத்தைத் தொலைக்காட்சிக்கோ ஓடிடிக்கோ விற்றால் அன்றைக்குக் கட்டணம், அந்தத் தொகையை இப்போதே எழுதிவிடுங்கள், பிறகு பேசலாம் என்று விடாதீர்கள். கடைசிப் பெயர்ப் பட்டியலில் நாலு பேரின் பெயரும் எப்படி வர வேண்டும் என்று எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா போன்ற இடத்தில் படம் ஓடினால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் படம் எடுப்பவர்கள். காசு இல்லாத வேலையில் உங்களுக்குக் கிடைப்பது அதுதான்.

ஒன்று மறந்துவிட்டேன். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடம் யூடியூப் கன்டென்ட் ஐடி (உங்கள் பாட்டு யாருடைய வீடியோவில் வந்தாலும் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால், நீங்களே அனுமதி கொடுத்த படத்தை அவர்கள் யூடியூபில் ஏற்றியதும் "பதிப்புரிமை கோரல்" என்று வந்து நிற்கும். அனுமதி கொடுக்கும் அன்றைக்கே அந்தச் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் கிடைக்கும் லூப் கலந்த பாட்டைக் கன்டென்ட் ஐடியில் போடவே கூடாது, இன்னொருவர் பாட்டையும் அது பிடித்துவிடும்.

வெளிநாட்டு இசை லைப்ரரிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போவீர்கள். தனியுரிமை கேட்கும் லைப்ரரிக்குக் கொடுத்த பாட்டை வேறெங்கும் கொடுக்க முடியாது. பதினொன்றில் இரண்டை மட்டும் அப்படிக் கொடுத்துப் பாருங்கள், பெரியம்மா பாட்டை வேண்டாம். அமெரிக்கக் கம்பனி என்றால் நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று காட்டும் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள், நிரப்பாவிட்டால் அங்கிருந்து வரும் ராயல்டியில் 30 வீதம் வரியாகப் போய்விடும். காசு எந்த வழியில் கைக்கு வரும், பேயோனியர் என்ற இணையப் பணச் சேவையிலா, நேராக வங்கிக்கா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

சரி, வெள்ளிக்கிழமை. 40,000 ரூபாய் சின்னக் காசு என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல மைக் ஒன்று வாங்கலாம், மிச்சமும் இருக்கும். ஆனால் அவர்கள் கேட்பது அனுமதியை அல்ல, உறுதியையே மாற்றிக் கேட்கிறார்கள். கையெழுத்து வைத்த பிறகு அந்தப் பாட்டை நீங்கள் ஒரு மேடையில் பாடவும், யூடியூபில் வைத்திருக்கவும் அவர்களிடம் கேட்க வேண்டி வரும். பெரியம்மாவின் குரலை எந்த விளம்பரத்துக்கும், எந்தக் கட்சி வீடியோவுக்கும் அவர்கள் போடலாம். அவர்களுக்கென்று ஒரு 30 விநாடி ஜிங்கிள் செய்து முழுசாக விற்பதென்றால் நானே விற்றுவிடு என்பேன், நானும் விற்றிருக்கிறேன். இந்தப் பாட்டை விற்காதீர்கள். தவிர, நாலு பேர் சொத்தைத் தனியாக விற்க உங்களுக்கு இன்றைக்கு அதிகாரமும் இல்லை, தாள் இல்லையே.

முறித்துக்கொள்ளவும் வேண்டாம். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது ஒரு வீடியோவுக்கு இசை. "முழு உரிமை" என்பது அவர்கள் எல்லோருக்கும் நீட்டும் அச்சுத் தாளில் இருக்கும் வரி. நாளைக்கே இப்படிப் பதில் போடுங்கள்: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. பாட்டின் உரிமையை மாற்றிக் கொடுப்பதில்லை. நீங்கள் செய்யும் இந்த ஒரு காணொளிக்கு, இணையத்திலும் இலங்கைத் தொலைக்காட்சியிலும், ஒரு வருடத்துக்கு, தனியுரிமை இல்லாத அனுமதியை 30,000 ரூபாய்க்குத் தர முடியும். அரசியல், மதம், மதுபானம் சார்ந்த காணொளிகளுக்கு இல்லை. காணொளி எதைப் பற்றியது என்று சொல்லுங்கள், குரல் இல்லாத வடிவமும் ஸ்டெம்மும் வியாழன் மாலைக்குள் அனுப்புகிறேன்." வேறு வீடியோவுக்கு வேண்டுமென்றால் திரும்பக் கேட்கட்டும், திரும்பக் கட்டட்டும். 25,000க்கு இறங்கி வந்தாலும் ஒத்துக்கொள்வேன், ஒரு வருடம், ஒரு காணொளி என்ற இரண்டையும் விட மாட்டேன்.

அந்தப் பதிலைப் போடுவதற்கு முன் இன்று இரவே தாளை எடுத்துக்கொண்டு பணிய லயத்துக்கு இறங்குங்கள். பெரியம்மாவுக்குக் கண் தெரியாது, எழுத்து தெரியாது என்றால் மகளையோ பேரனையோ பக்கத்தில் வைத்து, வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். எந்த மாதிரி வீடியோவுக்குத் தன் குரல் போகக் கூடாது என்று அவரிடமே கேட்டு, அதை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். அவர் சம்மதிப்பதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள், பிறகு கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ. பிரதி ஒன்றை அவர் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.